பழைய தேதி போட்டு ஏற்றிய கட்டுரைகள் ஆர்எஸ்எஸ் ஓடையில் ஏன் வரவில்லை?

ஏட்டுச்சுவடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

என் அப்பா 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் சிற்றிதழ்களுக்கு எழுதிய கட்டுரைகளைத் தட்டச்சு செய்து ஒரு வேர்ட்பிரஸ் தளத்தில் ஏற்றி வருகிறேன். எல்லாம் சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றியவை. எந்த மடையில் யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர், நீர்பாய்ச்சிக்கு அறுவடையில் என்ன பங்கு, கலுங்கு உடைந்த வருடம் ஊர் கூடி எதைப் போட்டு அடைத்தது என்று ஒவ்வொன்றையும் நேரில் கேட்டு எழுதியிருக்கிறார். அந்த இதழ்கள் பலவும் இப்போது கடையில் கிடைப்பதில்லை. எங்கள் வீட்டில் இருக்கும் பிரதிகளும் தொட்டால் பொடிகின்றன.

தளத்தை ஆர்எஸ்எஸ் ஓடை வழியாகப் படிப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். டொராண்டோவில் ஒரு உறவினர், மதுரையில் அப்பாவின் பழைய நண்பர்கள் இரண்டு பேர், நீர்ப்பாசன வரலாறு படிக்கும் ஒரு ஆய்வு மாணவி. இவர்கள் சொல்லித்தான் எனக்கே அப்படி ஒரு வசதி இருப்பது தெரியும். இப்போது மூன்று சிக்கல்கள்.

பொங்கல் விடுமுறையில் உட்கார்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஒரே மூச்சில் ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் அது அச்சில் வந்த மாதத்தையே தேதியாகப் போட்டேன். 1987 மார்ச் இதழில் வந்தது என்றால் 1987 மார்ச் 1. தளத்தில் பார்த்தால் வருட வரிசையில் அழகாக நிற்கின்றன. ஆனால் ஓடையில் படிப்பவர்களுக்கு ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. அந்த மாணவி "எழுதுவதை நிறுத்திவிட்டீர்களா அக்கா?" என்று கேட்டு மடல் அனுப்பியிருந்தார்.

இரண்டாவது. அதற்கு முன்பு தளத்தை வேறு சர்வருக்கு மாற்றி, முகவரியில் பூட்டு அடையாளம் வருகிற மாதிரி செய்து கொடுத்தார் ஒருவர். மறுநாளே, ஏற்கெனவே எல்லாரும் படித்து முடித்த பத்துப் பதிவுகளும் புதிது போலத் திரும்ப வந்தன.

மூன்றாவது. புதிதாக ஒன்று எழுதினால் மதுரை நண்பர் ஒருவருக்குக் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடுகிறது. டொராண்டோவுக்குப் போய்ச் சேர அரை நாள் ஆகிறது. தளம் யார் யாருக்கு எப்போது அனுப்புகிறது என்று பார்க்கும் இடம் எங்கே இருக்கிறது? சந்தாதாரர் பட்டியலை வேர்ட்பிரஸ் முழுக்கத் தேடிவிட்டேன், கண்ணில் படவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஊர்க்குருவி

நல்ல பணி, வாழ்த்துகள். ஆனால் ஆர்எஸ்எஸ் எல்லாம் கூகுள் ரீடரை மூடியபோதே முடிந்துபோனது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நாலு பேர்தான் அதில் படிக்கிறார்கள் என்றால் ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்து இணைப்பைப் போட்டுவிடுங்களேன். வேலை சுலபம்.

---

வைகைக்கரை

ஏட்டுச்சுவடி, வணக்கம். சில சிற்றிதழ்களின் தளங்களை நான் பார்த்துக்கொள்கிறேன், அதனால் இந்த மூன்று சிக்கலும் எனக்குப் பழக்கமானவை. உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

சந்தாதாரர் பட்டியல் உங்கள் தளத்தில் கிடையாது. உங்கள் தளம் யாருக்கும் எதையும் அனுப்புவதும் கிடையாது. ஓடை என்பது உங்கள் சர்வரில் ஒரு முகவரியில் கிடைக்கும் ஒரு கோப்பு, அவ்வளவுதான். நூலக வாசலில் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகை மாதிரி: பத்துச் சீட்டு குத்தத்தான் இடம், புதிது ஏற ஏறப் பழையது கழன்றுவிடும், வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் வாசகர் "சந்தா" சேர்ந்தார் என்றால், அந்த முகவரியைத் தன்னுடைய படிப்பானில், அதாவது ஓடைகளை எடுத்துக் காட்டும் செயலியில், எழுதி வைத்திருக்கிறார் என்றுதான் பொருள். அந்தப் படிப்பான் நேரம் பார்த்து வந்து கோப்பைக் கேட்டு வாங்கி, போன தடவை இல்லாதது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அவருக்குக் காட்டுகிறது.

கோப்பையே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள், எல்லாம் தெளிவாகிவிடும். தளத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, அப்புறம் ஆங்கிலத்தில் ஃபீட். உலாவியில் ஒரு எக்ஸ்எம்எல் பக்கம் திறக்கும், அல்லது கோப்பு இறங்கும். மேலே தளத்தின் பெயர், முகவரி, ஒரு வரி அறிமுகம். அதற்குக் கீழே ஐட்டம் என்ற குறிக்குள் ஒவ்வொரு பதிவாக வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் தலைப்பு, இணைப்பு, வெளியான தேதியும் மணியும், கட்டுரையின் உள்ளடக்கம், அப்புறம் ஜியுஐடி என்று ஒரு வரி. அந்த ஜியுஐடி வரியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது எத்தனை ஐட்டம் இருக்கிறது என்று எண்ணுங்கள். பத்து இருக்கும். வேர்ட்பிரஸின் அமைப்புகளில் வாசிப்பு என்ற பக்கத்தில், ஓடையில் அண்மைப் பதிவுகள் எத்தனை காட்ட வேண்டும் என்ற எண் இருக்கிறது. நாம் எதையும் தொடாவிட்டால் அது 10. அந்தப் பத்தையும் வேர்ட்பிரஸ் எப்படிப் பொறுக்குகிறது? பதிவின் தேதியை வைத்துத்தான். நீங்கள் எப்போது ஏற்றினீர்கள் என்பதை அது பார்ப்பதே இல்லை. தேதியில் மிகப் புதியது மேலே, அதிலிருந்து பத்து. 1987 மார்ச் என்று போட்ட கட்டுரை, உங்கள் தளத்தின் மற்ற எல்லாப் பதிவுகளுக்கும் கீழே போய் நிற்கும். முதல் பத்துக்குள் அது ஒரு நொடிகூட இருந்ததில்லை. பலகையில் ஏறாத சீட்டை யார் வந்து பார்த்தாலும் தெரியாது. நாற்பதும் காணாமல் போனதற்குக் காரணம் இதுதான். உங்கள் வாசகர்களின் படிப்பான்களில் எந்தப் பழுதும் இல்லை.

அந்த எண்ணை 100 ஆக்கினால் வந்துவிடுமே என்று தோன்றும். உங்கள் தளத்தில் மொத்தமே நூறுக்குள் இருந்தால் ஓடைக்குள் வரும்தான். ஆனால் பல படிப்பான்கள் அந்தத் தேதியை வைத்துத்தான் அடுக்குகின்றன. 1987 என்று பார்த்ததும் பட்டியலின் அடியில் கொண்டுபோய் வைத்துவிடும். அத்தனை கீழே யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை.

ஒருவேளை நாற்பதுக்கும் அன்றைய தேதியே போட்டிருந்தாலும் முழுசாகப் போயிருக்காது. ஒரே மாலையில் நாற்பது ஏற்றினால், கடைசிப் பத்து மட்டும்தான் ஓடையில் மிஞ்சும். காலையில் ஒரு தடவை, இரவு ஒரு தடவை வந்து பார்க்கும் படிப்பானுக்கு நடுவில் ஏறி இறங்கிய முப்பதும் தெரியவே தெரியாது. "பத்துதான் வந்தது" என்று எழுதுவார்கள்.

சரி, என்ன செய்யலாம். ஏற்றியவற்றை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்ற வேண்டாம். விரைவுத் திருத்தத்தில் தேதியை மட்டும் மாற்றினால் போதும். நாளைக்கு ஒன்று, நாளை மறுநாள் ஒன்று என்று எதிர்காலத் தேதி போட்டால் வேர்ட்பிரஸ் அந்த நேரம் வரை பதிவை மறைத்து வைத்திருந்து வெளியிடும். நாற்பதையும் இப்படி நாளுக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். கட்டுரையின் முதல் வரியிலேயே "முதல் வெளியீடு: 1987 மார்ச்" என்று இதழின் பெயரோடு போட்டுவிடுங்கள். ஆய்வு செய்பவருக்கு அதுதான் முக்கியம், ஓடையிலும் அந்த வரி கூடவே போகும். வருட வரிசைக்கு 1985, 1986, 1987 என்று வருடப் பெயரில் பகுப்புகள் வையுங்கள், அல்லது ஒரே பக்கத்தில் பொருளடக்கம் போடுங்கள். தேதி என்ற இடம் வாசகருக்கு எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதற்கு, அதை வரலாற்றுக்குச் செலவழிக்காதீர்கள்.

உங்கள் பதிவு முகவரிகளில் வருடமும் மாதமும் வருகிறது என்றால், தேதியை மாற்றியதும் முகவரியும் மாறும். பழைய முகவரியை யாராவது குறித்து வைத்திருந்தால் அது வேலை செய்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்து, படித்ததே திரும்ப வந்த கதை. இங்கேதான் ஜியுஐடி. ஒரு பதிவு புதியதா பழையதா என்று படிப்பான் எப்படித் தெரிந்துகொள்கிறது? தலைப்பை வைத்து முடியாது, நீங்கள் எழுத்துப்பிழை திருத்தினால் தலைப்பு மாறிவிடும். இணைப்பும் மாறக்கூடியது. அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் என்றென்றைக்கும் மாறாத ஓர் அடையாளம் வேண்டும், அதுதான் ஜியுஐடி. வேர்ட்பிரஸில் அது பார்ப்பதற்கு முகவரி மாதிரியே இருக்கும்: தளத்தின் பெயர், ஒரு கேள்விக்குறி, பி, சமக்குறி, அப்புறம் பதிவின் எண். பார்க்க முகவரியாக இருப்பதால்தான் சர்வர் மாற்றுபவர்கள் அதில் கைவைக்கிறார்கள். தரவுத்தளம் முழுக்கப் பழைய முகவரியைத் தேடி, எச்டிடிபி என்று இருப்பதையெல்லாம் (பூட்டு அடையாளம் வருவதற்கான) எச்டிடிபிஎஸ் என்று மாற்றும்போது ஜியுஐடி என்ற நெடுவரிசையும் சேர்ந்து மாறிவிடுகிறது. ஒரே ஒரு எழுத்துதான் கூடியிருக்கிறது. ஆனால் படிப்பானின் கணக்கில் அது முன்பின் பார்த்திராத அடையாளம், அதனால் புதிய பதிவு. ஓடையில் அப்போது இருந்த பத்தும் புதிதாகக் காட்டியிருக்கும். பத்துக்கு மேல் திரும்ப வராததற்கும் அதே காரணம், ஓடையில் இருந்ததே பத்துதான்.

அதைத் திருப்பி மாற்றவும் வேண்டாம். இப்போது பழையபடி ஆக்கினால், எந்தப் படிப்பான் எதை நினைவில் வைத்திருக்கிறதோ, மறுபடியும் ஒரு சுற்று வரலாம். இனி யாராவது தளத்தை இடம் மாற்றினால் "ஜியுஐடி நெடுவரிசையை விட்டுவிட்டு மாற்றுங்கள்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வேர்ட்பிரஸ் ஆவணமே அதைத் தொடாதே என்றுதான் சொல்கிறது.

உங்கள் நாற்பது கட்டுரைக்கு இதில் ஒரு நன்மை உண்டு. அவற்றின் ஜியுஐடி இதுவரை ஓடைக்குள் வந்ததே இல்லை. அதனால் தேதியை மாற்றியதும் எல்லாருக்கும் புதியதாகவே போகும்.

ஊர்க்குருவி சொன்னதற்கும் ஒரு வார்த்தை. கூகுள் ரீடர் 2005இல் வந்தது, 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. மூடியது ஒரு படிப்பான்தான். ஓடைகள் அந்தந்தத் தளத்தில் அப்படியே இருந்தன, மறுநாளும் வேலை செய்தன. ரீடரில் இருந்தவர்கள் தங்கள் ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக இறக்கி, இன்னொரு படிப்பானில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தளம் நடத்துபவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, தளங்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. வாட்ஸப் குழுவை இப்படி இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? குழுவில் உறுப்பினர்களின் தொலைபேசி எண் எல்லாருக்கும் தெரியும், கட்டுரை காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். ஆறு மாதம் கழித்து வரும் ஒருவர் பழையதைத் தேடி எடுக்க வழி இருக்காது. குழு வேண்டாம் என்று சொல்லவில்லை, கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடையை விட்டுவிட்டு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இதன் வரலாறும் நம் ஊருக்கு அவ்வளவு தூரமில்லை. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்தில் மற்ற தளங்களின் தலைப்புகளைக் காட்டுவதற்காக ஆர்எஸ்எஸின் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்த இருவரில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த ராமநாதன் குஹா, மற்றவர் டான் லிபி. 2000இல் ஆர்எஸ்எஸ் 1.0 எழுதிய குழுவில் ஆரோன் ஸ்வார்ட்ஸ் இருந்தார், அப்போது அவருக்கு 14 வயது. வேர்ட்பிரஸ் இன்று கொடுப்பது டேவ் வைனர் 2002இல் வெளியிட்ட 2.0 வடிவம். "ஆட்டம்" என்ற இன்னொரு ஓடை வடிவம் 2005 டிசம்பரில் தரமானது, பிளாகரின் ஓடைகள் அந்த வகை. படிப்பான்கள் இரண்டையும் படிக்கும், உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. தமிழ்மணம் போன்ற திரட்டிகளில் நாம் பார்த்த தலைப்புகளும் பதிவர்களின் ஓடையிலிருந்து எடுத்தவைதான்.

மூன்றாவது சிக்கலை, நேர வித்தியாசத்தை, வேறு யாராவது என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடும்.

---

பனங்காடு

வைகைக்கரை ஐயா விட்ட இடத்திலிருந்து.

அந்த நேரம் முழுக்க வாசகர் பக்கத்தில்தான் இருக்கிறது. மதுரை நண்பர் கணினியிலோ கைபேசியிலோ நேரடியாக ஓடையை எடுக்கும் செயலி வைத்திருக்கலாம். அதில் கால் மணிக்கு ஒரு தடவை பார் என்று வைத்திருந்தால் கால் மணிக்குள் தெரியும். டொராண்டோ உறவினர் இணையத்தில் இயங்கும் ஒரு சேவையைப் பயன்படுத்துகிறார் என்று நினைக்கிறேன். அங்கே வாசகருக்குப் பதிலாக அந்தச் சேவையின் சர்வர்தான் வந்து எடுக்கிறது. நிறையப் பேர் படிக்கும் ஓடைக்கு அடிக்கடி வரும். நாலைந்து பேர் படிப்பதற்குச் சாவகாசமாக வரும். பணம் கட்டாத கணக்குக்கு இன்னும் மெதுவாக வருகிற சேவைகளும் உண்டு.

காத்திராமல் உடனே போக ஒரு வழி இருக்கிறது. 2009இல் பப்சப்ஹபப் என்ற பெயரில் கூகுளில் இருந்த சிலர் தொடங்கினார்கள். 2018இல் வெப்சப் என்ற பெயரில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதைத் தரமாக்கியது. நடுவில் ஹப் என்று ஒரு சர்வர் இருக்கும். நீங்கள் பதிவை வெளியிட்டதும் தளம் ஹப்புக்கு "மாறியிருக்கிறது" என்று ஒரு தகவல் கொடுக்கும். ஹப் ஓடையை எடுத்து, அதனிடம் முன்பே சொல்லி வைத்திருக்கும் படிப்பான்களுக்கு அப்போதே தள்ளிவிடும். யூடியூப் சேனல்களின் ஓடைகளுக்கு இந்த வசதி இருக்கிறது. சொந்த சர்வரில் இருக்கும் வேர்ட்பிரஸுக்கு வெப்சப் என்ற பெயரிலேயே செருகுநிரல் (ப்ளகின்) கிடைக்கிறது, போட்டால் போதும். ஆனால் படிப்பானும் அதை ஆதரிக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கம்போல நேரத்துக்கு வந்துதான் எடுக்கும்.

கண்மாய்க் கட்டுரைக்கு அரை நாள் தாமதம் பெரிய விஷயமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் செருகுநிரல் ஒன்றைக் குறைத்துக்கொள்வேன்.

---

ஏட்டுச்சுவடி

இருவருக்கும் மிக்க நன்றி. கோப்பைத் திறந்து பார்த்தேன், பத்து ஐட்டம்தான் இருக்கிறது. 1987 எதுவும் இல்லை. தேதியை மாற்றத் தொடங்கிவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஓடையில் முழுக் கட்டுரையும் கொடுக்கலாமா, சுருக்கம் மட்டும் கொடுக்கலாமா? சுருக்கம் கொடுத்தால்தான் தளத்துக்கு ஆள் வருவார்கள், முழுசாகக் கொடுத்தால் சர்வருக்கும் பாரம் என்று தளத்தை மாற்றிக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். அப்புறம், பட்டியல் இல்லை என்கிறீர்கள் சரி, எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தோராயமாகவாவது தெரிந்துகொள்ள வழி உண்டா? அப்பாவுக்குச் சொன்னால் மகிழ்வார்.

---

வைகைக்கரை

முழுக் கட்டுரையையும் கொடுங்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. உங்கள் தளத்தில் விளம்பரம் இல்லை, ஆளை உள்ளே இழுத்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கட்டுரை படிக்கப்பட வேண்டும், அதுதானே நோக்கம். முழுசாகக் கொடுத்தால் பேருந்தில் போகிறவர் சிக்னல் இல்லாத இடத்திலும் படிப்பார், ஏனென்றால் கட்டுரை அவருடைய கைபேசிக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. கண் மங்கியவர் படிப்பானில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வார். இன்னொன்று. உங்கள் தளம் நாளைக்கு ஏதோ காரணத்தால் நின்றுபோனால்கூட, படிப்பான்களில் இறங்கிய பிரதிகள் சிலரிடமாவது இருக்கும். பொடிந்துபோகும் இதழிலிருந்து காப்பாற்றிய கட்டுரைக்கு இந்தக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும்.

பாரம் என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். யூனிகோடில், யுடிஎஃப்-8 முறையில், தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கிறது. ஆங்கிலத்துக்கு 1 பைட். "கி" என்பது கவுக்கு 3, மேல்விலங்குக்கு 3, ஆக 6. 1,500 சொல் கட்டுரை ஒன்று ஏறக்குறைய 40 கிலோபைட் வரும். பத்துக் கட்டுரைக்கு 400. அரை மணிக்கு ஒரு தடவை வரும் ஒரு படிப்பான் நாளைக்கு 48 தடவை கேட்கும். ஒவ்வொரு தடவையும் முழுக் கோப்பையும் கொடுத்தால் ஒரு வாசகருக்கே 19 மெகாபைட். கேட்டால் மலைப்பாக இருக்கும், உங்களுக்கு அப்படிச் சொன்னவரும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்.

நடப்பது வேறு. கோப்பைக் கொடுக்கும்போதே சர்வர் இரண்டு விவரம் சேர்த்துக் கொடுக்கிறது: கடைசியாக எப்போது மாறியது என்ற நேரம், ஈடேக் என்று ஒரு முத்திரை. ஒழுங்கான படிப்பான் அடுத்த தடவை வரும்போது அந்த இரண்டையும் திருப்பிக் காட்டி, "இதற்கப்புறம் ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேட்கும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் பதிலாகச் சொல்லும். கோப்பு போகாது, சில நூறு பைட்டோடு முடிந்தது. மாறியிருந்தால் மட்டும்தான் 200 என்று சொல்லி முழுசாகக் கொடுக்கும், அதுவும் பெரும்பாலும் சுருக்கி அனுப்பப்படும். தமிழில் ஒரே குறியீடுகள் திரும்பத் திரும்ப வருவதால் நன்றாகவே சுருங்கும். வேர்ட்பிரஸ் இந்த 304 வேலையைத் தானாகவே செய்கிறது, நீங்கள் எதையும் நிறுவ வேண்டாம்.

இதைக் கண்ணால் பார்க்கலாம், உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை அங்கேயே இருக்கிறது. உங்கள் சர்வரில் சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் இருந்தால் அதில் ரா ஆக்சஸ் என்று ஒரு இடம் இருக்கும். அங்கே வருகைப் பதிவேட்டை இறக்கி, சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து, ஃபீட் என்ற சொல் வரும் வரிகளை மட்டும் தேடுங்கள். ஒவ்வொரு வரியிலும் வந்தவரின் ஐபி எண், தேதி, மணி, கேட்ட முகவரி, நாம் சொன்ன பதில் 200ஆ 304ஆ, எத்தனை பைட், கடைசியில் வந்த மென்பொருளின் பெயர். ஃபீட்லி மாதிரியான இணையப் படிப்பான் சேவைகள் அந்தப் பெயருக்குள்ளேயே, தங்களிடம் இந்த ஓடையை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணையும் எழுதி அனுப்புகின்றன. ஒரே வரி, அதற்குள் பல வாசகர்கள். அந்த எண்களைக் கூட்டுங்கள். தனிச் செயலியில் படிப்பவர்கள் தனித்தனி ஐபியில் வருவார்கள், அவர்களை ஆளுக்கு ஒன்றாக எண்ணுங்கள். கைபேசியில் படிப்பவருக்கு ஐபி மாறிக்கொண்டே இருக்கும், அதனால் சரியான எண்ணிக்கை வராது. தோராயம் கிடைக்கும்.

நான் இப்படிப் பார்க்கும் தளங்களில் எல்லாம், ஆசிரியர்கள் நினைத்திருந்ததைவிடக் கூடுதலான பேர்தான் இருந்தார்கள். பின்னூட்டம் போடாதவர்கள், விருப்பக்குறி அழுத்தாதவர்கள், வருடக்கணக்காக அமைதியாகப் படிப்பவர்கள். உங்களுக்கு நாலு பேர் என்று தெரிவது, அந்த நாலு பேர் உங்களிடம் சொன்னதால்தான். அப்பாவிடம் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

படிப்பான் எல்லாம் வேண்டாம், மடலில் வந்தால் போதும் என்கிற பெரியவர்களுக்கும் இதே ஓடை உதவும். ஓடையை எடுத்து மின்னஞ்சலாக அனுப்பும் சேவைகள் இருக்கின்றன. ஃபீட்பர்னர் அந்த வசதியை 2021இல் நிறுத்திவிட்டது, எங்காவது பழைய கட்டுரையில் அதைப் பரிந்துரைத்திருந்தால் விட்டுவிடுங்கள். வேறு சேவைகள் உண்டு. மடல் வழியில் மட்டும் ஒரு பட்டியல் இருக்கும், ஏனென்றால் அனுப்புவதற்கு முகவரி வேண்டும். அந்தப் பட்டியலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பொறுப்பும் உங்களுக்கு வரும்.

---

ஏட்டுச்சுவடி

ரா ஆக்சஸ் பார்த்தேன் ஐயா. ஃபீட்லி வரியில் இருந்த எண்ணே நான் நினைத்த நாலைவிட அதிகம். தனி ஐபிகள் வேறு இருக்கின்றன, ஒன்று இலங்கையிலிருந்து வருகிறது போலிருக்கிறது. 304, 304, 304 என்று வரிசையாக வந்து, நான் முதல் கட்டுரையின் தேதியை மாற்றிய பிறகு அங்கங்கே 200 வருகிறது. அதைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. அப்பாவையும் உட்கார வைத்துக் காட்டினேன். மாணவிக்கும் கட்டுரை போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரே ஒரு குழப்பம். இன்று காலை 6 மணிக்கு என்று வைத்த கட்டுரை பகல் பதினொன்றரைக்குத்தான் வெளியானது. ஏன்?

---

வைகைக்கரை

நேர மண்டலம். அமைப்புகளில் பொது என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள், யுடிசி என்று, அதாவது உலகப் பொது நேரம் என்று இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நீங்கள் 6 என்று போட்டது நமக்கு 11:30. அந்த இடத்தில் கொல்கத்தா என்று தேர்ந்தெடுத்துச் சேமித்துவிடுங்கள். ஏற்கெனவே திட்டமிட்டு வைத்திருக்கும் கட்டுரைகளின் நேரத்தையும் ஒரு தடவை திறந்து சரிபாருங்கள், பழைய கணக்கிலேயே நிற்கக்கூடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேர்ட்பிரஸ் தானாக எழுந்து பதிவை வெளியிடுவதில்லை. யாராவது தளத்துக்கு வரும்போதுதான் "நேரம் ஆகிவிட்டதா?" என்று பார்க்கும். விடியற்காலையில் தளத்தில் ஆளே இல்லை என்றால் தாமதமாகலாம். ஆனால் ஓடையைக் கேட்டு வரும் படிப்பானும் அதன் கணக்கில் ஒரு வருகைதான், பக்கத்தின் நகலை எடுத்து வைத்துக் கொடுக்கும் கேஷ் எதுவும் இடையில் இல்லாவிட்டால். உங்கள் பதிவேட்டில் இரவு முழுக்க 304 இருக்கிறது என்றால், காலை 6 மணிக் கட்டுரை 6 மணியை ஒட்டியே வெளியாகிவிடும்.